ஒரே விலையில் இரண்டு பேஸ் கிற்றார்: பிரசிஷனா, ஜாஸா?

கல்முனையில் இருந்து ஒரு தம்பி கேட்ட கேள்விக்கான பதில் இது. அவர் கேட்டதைச் சுருக்கித் தருகிறேன். "கோயில் திருவிழா மேடைகளிலும் கலியாண வீடுகளிலும் வாசிக்கிற இசைக்குழு ஒன்றில் பேஸ் வாசிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயப் பாடற்குழுவோடும் வாசிப்பேன். இதுவரை இரவல் கிற்றார்தான். இப்போது சொந்தமாக ஒன்று வாங்கக் காசு சேர்த்துவிட்டேன். ஸ்குவையர் கிளாசிக் வைப் வரிசையில் பிரசிஷன், ஜாஸ் என்ற இரண்டு மாதிரிகள் கண்ணில் நிற்கின்றன. விலை கிட்டத்தட்ட ஒன்றுதான். காணொளிகளில் கேட்கும்போது ஜாஸின் சத்தம் பிடிக்கிறது. எங்கள் கீபோர்ட் அண்ணன் பிரசிஷன்தான் எடுக்கச் சொல்கிறார். எனக்கு வேண்டியது இளையராஜா பாட்டுகளில் கேட்கிற மாதிரியான பேஸ். எதை எடுக்க?"

தம்பி, இரண்டுமே நல்ல கிற்றார்கள். ஒன்று உசத்தி, மற்றது மட்டம் என்று சொல்ல எதுவும் இல்லை. தெரிவு கஷ்டமாக இருப்பதும் அதனால்தான். விலையோ தரமோ உங்களுக்காக முடிவெடுத்துத் தராது. உங்கள் காதுதான் எடுக்க வேண்டும். ஆனால் காதிடம் கேட்பதற்கு முன்னால் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். அறைக்குள் தனியே இருந்து வாசிக்கும்போது பிடிக்கிற சத்தம் வேறு. ட்ரம்ஸ், கீபோர்ட், தபேலா, பாடகர் எல்லாம் சேர்ந்த பிறகு பிடிக்கிற சத்தம் வேறு. காணொளியில் உங்களுக்கு ஜாஸ் பிடித்தது முதலாவது வகை. கீபோர்ட் அண்ணன் மேடையில் உங்கள் பக்கத்தில் நின்று கேட்டுச் சொல்வது இரண்டாவது வகை. இரண்டு பேர் சொல்வதும் உண்மை. எந்தச் சத்தத்துக்காகக் காசு கொடுக்கிறோம் என்பதை முடிவு செய்துவிட்டால் மிச்சம் எளிது.

இரண்டுக்கும் மூலம் ஃபெண்டர் கம்பனியின் வடிவங்கள். பிரசிஷன் 1951இல் வந்தது. இன்று நாம் காண்கிற, இரண்டு துண்டாகப் பிரிந்த பிக்கப் (கம்பியின் ஆட்டத்தை மின்சாரமாக்கும் பகுதி) அதற்கு 1957இல் வந்து சேர்ந்தது. ஜாஸ் 1960இல் வந்தது. ஸ்குவையர் அதே கம்பனியின் மலிவு விலைப் பெயர். இரண்டிலும் கம்பியின் ஆடும் நீளம் 34 அங்குலம், இரண்டிலும் நான்கு கம்பி, இரண்டும் பற்றரி இல்லாத பாசிவ் வகை. அப்படியிருக்க, சத்தம் வேறுபடுவதற்குப் பெரிய காரணம் பிக்கப்தான்: அது எந்த இடத்தில் இருக்கிறது, எத்தனை இருக்கிறது என்பது.

இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் இது விளங்கினால் எந்தக் கடையில் எந்த பேஸைப் பார்த்தாலும் அதன் சத்தத்தை ஓரளவு ஊகிக்கலாம். ஒரு கம்பியை மீட்டினால் அது முழு நீளத்துக்கும் ஒன்றாக ஆடுகிறது. அதே நேரம் இரண்டு பாதிகளாக, மூன்று துண்டுகளாக, நான்கு துண்டுகளாகவும் தனித்தனியே ஆடுகிறது. முழு நீள ஆட்டம்தான் அடித்தளமான ஆழத்தைத் தருகிறது. துண்டு துண்டான ஆட்டங்கள் மேலே உள்ள கூர்மையைத் தருகின்றன. பிரிட்ஜுக்கு, அதாவது உடல் பக்கத்தில் கம்பிகள் தாங்கி நிற்கும் இடத்துக்கு, கிட்டப் போகப் போக முழு ஆட்டத்தின் வீச்சு ஒடுங்கிவிடும். ஆகவே பிரிட்ஜுக்குக் கிட்ட இருக்கும் பிக்கப்புக்கு ஆழம் குறைவாகவும் கூர்மை அதிகமாகவும் கேட்கும். கழுத்துப் பக்கம் நகர நகரச் சத்தம் உருண்டு தடிக்கும்.

பிரசிஷனில் ஒரே ஒரு பிக்கப், நடுவாந்தரமான இடத்தில். ஆனால் அதன் இரண்டு துண்டுகளும் ஒரே கோட்டில் இல்லை. ஈ, ஏ ஆகிய தடித்த கம்பிகளுக்குக் கீழ் இருக்கும் துண்டு கழுத்துப் பக்கம் தள்ளி இருக்கும். டி, ஜி கம்பிகளுக்கான துண்டு பிரிட்ஜ் பக்கம் தள்ளி இருக்கும். ஒரு வொலியூம், ஒரு டோன், அவ்வளவுதான். நடுச் சுரங்கள் முன்னால் தள்ளி நிற்கும் ஒரு சத்தம் இதில் வரும். தனியாகக் கேட்டால் கொஞ்சம் முரடாக, "இவ்வளவுதானா" என்று தோன்றும்.

ஜாஸில் இரண்டு பிக்கப். ஒன்று ஏறக்குறைய பிரசிஷனின் பிக்கப் இருக்கும் பகுதியில், மற்றது பிரிட்ஜுக்குக் கிட்ட. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வொலியூம் நொப், இரண்டுக்கும் பொதுவாக ஒரு டோன். இரண்டையும் முழுக்கத் திறந்தால் ஒரே கம்பியை இரண்டு இடத்தில் இருந்து கேட்டுச் சேர்க்கிறோம். அப்போது சில துண்டு ஆட்டங்கள் ஒரு பிக்கப்பில் மேல்நோக்கியும் மற்றதில் கீழ்நோக்கியும் வந்து ஒன்றையொன்று தின்றுவிடும். அதனால் நடுப்பகுதியில் ஒரு பள்ளம் விழும். அடி ஆழமும் மேல் மினுக்கமும் எடுப்பாகத் தெரியும். காணொளியில் உங்களைப் பிடித்திழுத்தது அநேகமாக இந்தச் சத்தம்தான். வாசிப்பவர் ஒருவரே இருக்கும் காணொளியில், ஹெட்ஃபோனில் கேட்டால், ஏற்கெனவே மெருகேற்றி முடித்த சத்தம் போல இருக்கும்.

சரி, அதே சத்தத்தைத் திருவிழா மேடைக்குக் கொண்டுபோவோம். அந்த நடுப்பள்ளத்துக்குள்தான் கீபோர்ட்காரரின் இடது கையும், ஸ்ட்ரிங்ஸ் சத்தமும், பாடகரின் குரலின் அடிப்பகுதியும் வந்து குந்திக்கொள்ளும். மிஞ்சுவது அடி ஆழமும் மேல் மினுக்கமும். மினுக்கத்தை ட்ரம்ஸின் சிம்பல் மூடிவிடும். ஆழத்துக்கு வேறொரு பிரச்சினை இருக்கிறது. திறந்த ஈ கம்பியின் அதிர்வு ஏறக்குறைய 41 ஹெர்ட்ஸ், ஏ கம்பி 55. வாடகைக்கு வரும் ஸ்பீக்கர் பொக்ஸ்களில் பல 41 வரை இறங்கவே மாட்டா. வெளி மைதானத்தில் சுவர் இல்லை, கூரை இல்லை, அடிச்சத்தம் காற்றோடு போய்விடும். அப்படியானால் சனங்களுக்கு அந்த ஈ எப்படிக் கேட்கிறது? 82, 123, 164 என்று மேலே வரும் ஆட்டங்களைக் கேட்டு, அடியில் இருக்கும் சுரத்தை மூளையே கட்டிக்கொள்கிறது. ஆகவே மைதானத்தின் கடைசி வரிசையில் நிற்பவருக்கு நீங்கள் வாசிக்கும் பேஸ் லைன் விளங்குவதும் விளங்காததும் நூறுக்கும் எண்ணூறுக்கும் இடைப்பட்ட ஹெர்ட்ஸில்தான் தீர்மானமாகிறது. பிரசிஷனுக்குப் பலமான இடம் அதுதான். கீபோர்ட் அண்ணன் இந்தக் கணக்கைச் சொல்லியிருக்கமாட்டார். கேட்டுப் பழகிய காதால் சொல்லியிருக்கிறார்.

இனி இளையராஜா. இங்கே உங்களிடம் ஒன்று கேட்கிறேன்: அந்தப் பாட்டுகளில் உங்களுக்குப் பிடித்தது பேஸின் டோனா, அதாவது சத்தத்தின் குணமா, அல்லது பேஸ் லைனா, அதாவது சுரங்கள் போகும் வழியா? அவருடைய பாட்டுகளில் பேஸ் வெறுமனே அடிச்சுரத்தை அமர்த்திக்கொண்டு இருப்பதில்லை. பாடகர் மூச்சு விடும் இடத்தில் பேஸ் எழும்பும், பல்லவிக்குப் பதில் சொல்லும், சரணத்துக்குள் போகும்போது தானே ஒரு மெட்டாக இறங்கிவரும். அதற்கு இடம்விட்டு மற்ற வாத்தியங்கள் எழுதப்பட்டிருக்கும். அந்த இனிமையில் பெரும் பங்கு எழுத்துக்கும், ஒவ்வொரு சுரத்தையும் எவ்வளவு நீட்ட வேண்டும், எங்கே வெட்ட வேண்டும் என்ற வாசிப்புக்கும் உரியது. உங்கள் கையில் இருக்கும் இரவல் கிற்றாரிலேயே பிடித்த ஒரு பேஸ் லைனை மெதுவாக வாசித்துப் பதிவு செய்து கேளுங்கள். சுரங்களின் நீளம் சரியாக வந்ததும் மனதுக்குப் பாதிக்கு மேல் நிறைந்துவிட்டால், நீங்கள் தேடியது லைன். அதை எந்த பேஸும் தரும். நீளம் சரியாக வந்த பிறகும் "சத்தம் இன்னும் பேசவில்லை" என்று இருந்தால்தான் அது டோன் பற்றிய ஆசை. அந்தக் குறையை உற்றுக் கேளுங்கள்: மேல் கூர்மை போதாமல் இருக்கிறதா, நடுவில் தடிப்புப் போதாமல் இருக்கிறதா? பலருக்கு இரண்டாவதுதான் வரும். ஒரு சுரம் பாடுவது போல் கேட்பதற்கு நடுப்பகுதி வேண்டும்.

இரண்டு கிற்றார்களின் இயல்பையும் எல்லை வரை கொண்டுபோய்க் கேட்க ஆசை என்றால் இரண்டு பேரைக் கேளுங்கள். டெட்ராயிட்டின் மோட்டவுன் இசைத்தட்டுக் கம்பனியின் பதிவுகளில் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் வைத்திருந்தது 1962ஆம் ஆண்டுப் பிரசிஷன். தடித்த ஃபிளட்வவுண்ட் (தட்டை நாடா சுற்றிய) கம்பி, பிரிட்ஜ் பக்கத்தில் கம்பிக்குக் கீழ் ஸ்பொஞ், வலது கையில் ஒரே ஒரு சுட்டுவிரல். ஜாக்கோ பஸ்டோரியஸ் வைத்திருந்தது அதே 1962ஆம் ஆண்டு ஜாஸ். ஃப்ரெட்கள் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கோடுகள்) அகற்றியது, ரவுண்ட்வவுண்ட் (உருண்டை வயர் சுற்றிய) கம்பி, பிரிட்ஜ் பிக்கப்பை முன்னிறுத்தி, பிரிட்ஜுக்குக் கிட்ட விரலை வைத்து மீட்டினார். ஒரே கம்பனி, ஒரே ஆண்டு, ஆனால் ஒன்றோடொன்று சம்பந்தமே இல்லாத இரண்டு சத்தம். அந்தத் தூரத்தில் கிற்றாரின் பங்கு எவ்வளவு, கம்பியின் பங்கு எவ்வளவு, விரலின் பங்கு எவ்வளவு என்று யோசித்துப் பாருங்கள்.

விரலைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். இரவல் கிற்றாரை எடுத்து ஏ கம்பியைக் கழுத்து முடியும் இடத்தில் மீட்டுங்கள். அப்புறம் அதே பலத்தோடு பிக்கப்புக்கு மேலே, அதன் பிறகு பிரிட்ஜில் இருந்து நான்கு விரல் தள்ளி. மூன்று கிற்றார் மாதிரி இருக்கும். கையை ஓர் இடத்திலேயே வைத்து வாசிக்கும் பழக்கம் இருப்பவர் எந்த பேஸை வாங்கினாலும் ஒரே சத்தத்தைத்தான் கேட்பார். பிரசிஷனில் ஒரே பிக்கப்தானே, சத்தத்தில் வகை வராது என்று பயப்படுகிறவர்களுக்கு நான் சொல்லும் பதில் இதுதான்: டோன் நொப்பும் வலது கையும் சேர்ந்தால் தேவையான வகை வரும்.

உங்கள் குழுவில் தபேலா இருக்கிறதா, அல்லது ஒக்டபாட் என்ற மின் தாளக் கருவியில்தான் எல்லாமா என்று நீங்கள் எழுதவில்லை. இது முக்கியம். தபேலாவின் இடது முகம் வழுக்கி ஏறி இறங்குவதும் பேஸின் இடமும் ஒன்றோடொன்று மோதும். இரண்டும் நீண்டு ஒலித்தால் சேறு மாதிரி ஆகிவிடும். அங்கே பேஸ் இறுக்கமாகவும் சுரத்தின் தொடக்கம் தெளிவாகவும் இருக்க வேண்டும். நம் ஆட்டப்பாட்டான பைலா வாசிக்கும்போதும் அப்படித்தான். மட்டக்களப்பில் பறங்கியர் குடும்பங்களின் ஆட்ட இசையான கஃப்ரிஞ்ஞாவைக் கேட்டு வளர்ந்த காதுக்கு, அந்த ஆறு தட்டுத் தாளத்தில் பேஸ் எவ்வளவு குறுகலாக விழ வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை. சுரம் நீண்டுவிட்டால் ஆடுகிறவரின் கால் குழம்பும். பிரசிஷனில் பிரிட்ஜுக்கு முன்னால், கம்பிக்குக் கீழே ஒரு துண்டு ஸ்பொஞ்சைச் செருகிப் பாருங்கள். கம்பியை மேலே தூக்காமல், தொட்டுக்கொண்டு மட்டும் இருக்கிற தடிப்பில் வெட்டுங்கள். தூக்கினால் சுருதி ஏறிவிடும். பைலாவுக்கு இதைவிடப் பொருத்தமான சத்தத்தை நான் கேட்டதில்லை. ஜாஸிலும் செய்யலாம், ஆனால் ஜாஸை விரும்புகிறவர் விரும்புவதே அந்த நீண்ட, திறந்த சத்தத்தைத்தான்.

தேவாலயத்தில் நிலைமை தலைகீழ். கூரையும் சுவரும் இருக்கும், சத்தம் குறைவு, பாடற்குழுவுக்கு அடியில் நீண்ட சுரங்களைப் பிடிக்க வேண்டும். அங்கே ஜாஸின் இரண்டு பிக்கப் சத்தம் மிக அழகாக இருக்கும். குரல்களுக்கு நடுப்பகுதியை விட்டுக்கொடுத்து, அடியில் நின்று தாங்கும். உங்கள் வாசிப்பில் பெரும் பகுதி தேவாலயமாக இருந்திருந்தால் இந்தப் பதிலை இவ்வளவு நீட்டியிருக்கமாட்டேன், ஜாஸை எடுங்கள் என்று முடித்திருப்பேன்.

இனி இரைச்சல். நம் பக்கத்து மேடைகளில் இதை யாரும் அலட்சியம் செய்யக்கூடாது. ஜெனரேட்டர் கரண்ட், எர்த் சரியாகப் போடாத வயரிங், மேடையைச் சுற்றி மின்சோடனை, ஏறி இறங்கும் டிம்மர் லைட். ஜாஸின் ஒவ்வொரு பிக்கப்பும் தனிக் கொயில் (வயர்ச் சுருள்). இரண்டையும் சமமாகத் திறந்தால் ஒன்றின் இரைச்சலை மற்றது நீக்கிவிடும், ஏனென்றால் இரண்டையும் எதிரெதிராகச் சுற்றியிருப்பார்கள். ஒன்றைக் குறைத்தால் அந்த நீக்கம் குலைந்து இரைச்சல் வெளியே வரும். பிரசிஷனின் இரண்டு துண்டுகளும் எப்போதுமே ஒன்றையொன்று நீக்கிக்கொண்டிருக்கும். நொப் எங்கே இருந்தாலும் அமைதிதான். பேஸ் வாசிப்பவருக்கு இந்த இரைச்சல் ஏன் கூடுதலாக உறுத்தும் தெரியுமா? நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஈ கம்பியின் மூன்றாம் ஃப்ரெட்டில் வரும் ஜி சுரம் 49 ஹெர்ட்ஸ். நீங்கள் ஜியில் ஒரு பாட்டு வாசிக்கும்போது, அடியில் சுருதி சற்று ஏறிய இன்னொரு ஜி விடாமல் உறுமிக்கொண்டிருக்கும். நன்றாகச் சுருதி சேர்த்த கிற்றாரே சுருதி கலைந்ததுபோல் கேட்கும்.

ஜாஸால் பிரசிஷன் மாதிரியும் வாசிக்கலாமே என்று கேட்பீர்கள். ஓரளவு முடியும். பிரிட்ஜ் பிக்கப்பை முழுக்க மூடிவிட்டுக் கழுத்துப் பக்கத்துப் பிக்கப்பை மட்டும் வைத்தால் அந்தப் பக்கம் நெருங்கிவரும். ஆனால் அந்தத் தடித்த நடுப்பகுதி முழுமையாக வராது, மேலே சொன்ன இரைச்சலும் கூடவே வரும். மறுபக்கம், பிரசிஷனில் ஜாஸின் பிரிட்ஜ் பிக்கப் சத்தம் எந்த வழியிலும் வராது. "ஜாஸில் இரண்டும் கிடைக்கும், ஆகவே ஜாஸ்தான் லாபம்" என்று கடைகளில் சொல்வதற்கு இதுதான் ஆதாரம். நான் அதை ஏற்பதில்லை. நொப்களை எங்கே வைத்தாலும் நமக்கு மனம் நிறைகிற சத்தம் ஒன்றுதான் இருக்கும். வாசிக்கிற நேரத்தில் பெரும்பாலும் அதில்தான் நிற்போம். அந்த ஒரு சத்தம் எந்தக் கிற்றாரில் இயல்பாக வருகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

கையின் அளவையும் பாருங்கள். கழுத்தின் தலைப்பக்க முனையில், கம்பிகளைத் தாங்கும் நட் இருக்கும் இடத்தில் பிரசிஷனின் கழுத்து ஏறக்குறைய 42 மில்லிமீட்டர் அகலம், ஜாஸ் 38. நான்கு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். முதல் மூன்று ஃப்ரெட்களில் வேகமாக வாசிக்கும்போது நன்றாகவே தெரியும். சின்னக் கைக்கு ஜாஸ் சுகம். ஆனால் சத்தம் பிடித்து, கழுத்து மட்டும் கொஞ்சம் அகலமாகத் தெரிந்தால் பயப்படத் தேவையில்லை, சில வாரங்களில் கை பழகும். சத்தம் பிடிக்காமல் கழுத்து மட்டும் சுகமாக இருந்தால் அந்தக் குறை பழகிப்போகாது.

மரத்தைப் பற்றியும் கேட்பீர்கள் என்று தெரியும். பிக்கப், கம்பி, விரல் இவற்றுக்குப் பின்னால்தான் மரம். நான் மரத்தைப் பாரத்துக்காக மட்டும் பார்ப்பேன். இரவு முழுக்கத் தோளில் தொங்கப்போகிற பொருள்.

இரண்டுக்கும் நடுவே பி-ஜே வகை இருக்கிறது: பிரசிஷனின் துண்டுப் பிக்கப் ஒன்று, பிரிட்ஜ் பக்கத்தில் ஜாஸ் பிக்கப் ஒன்று. யமஹா டிஆர்பிஎக்ஸ் 174, ஐபனீஸ் ஜிஎஸ்ஆர் 200 ஆகியவை இந்த வகை. சமாதானமான தெரிவுதான். ஆனால் ஜாஸ் பிக்கப்பைத் திறந்தவுடன் அதன் இரைச்சலை நீக்க எதிர்க்கொயில் இல்லை என்பதை நினைவில் வையுங்கள். இரண்டையும் முழுக்கத் திறந்தாலும் இரைச்சல் இருக்கும். 9 வோல்ட் பற்றரி போட்ட அக்டிவ் வகை, 1976இல் வந்த மியூசிக் மேன் ஸ்டிங்ரே முதலாக, வேறொரு உலகம். உங்கள் கேள்விக்குள் அது வரவில்லை, விட்டுவிடுகிறேன்.

இப்போது எப்படிக் கேட்டுப் பார்ப்பது என்பதற்கு வருகிறேன். மட்டக்களப்பில் இருந்து போகும் உதயதேவி ரயிலிலோ இரவு பஸ்ஸிலோ கொழும்புக்குப் போய்த்தான் இரண்டையும் பக்கம் பக்கமாகப் பார்க்க வேண்டியிருக்கும். ஆகவே ஆயத்தமாகப் போங்கள். தொலைபேசியின் ஸ்பீக்கரில் கேட்டு எதையும் முடிவு செய்யாதீர்கள். அந்தச் சின்ன ஸ்பீக்கருக்கு பேஸின் அடிச்சுரங்கள் கிடைக்கவே கிடைக்கா, மேல் மினுக்கம் மட்டும்தான் வரும். உங்கள் சொந்த வயரையும் நல்ல ஹெட்ஃபோனையும் கொண்டுபோங்கள். உங்கள் குழு வாசித்த பாட்டுகளை பேஸ் இல்லாமல் பதிவு செய்து தொலைபேசியில் எடுத்துப் போங்கள். கீபோர்ட் அண்ணனிடம் கேட்டால் ஒரு மாலையில் செய்து தந்துவிடுவார். இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமானது, ஏனென்றால் கடையில் எல்லாரும் தனியாக வாசித்துப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள்.

கடைக்குள் போனதும் முதலில் கம்பியைப் பாருங்கள். ஒன்றில் புதுக் கம்பி, மற்றதில் பலர் தொட்டுத் தொட்டு மங்கிய கம்பி என்றால், நீங்கள் ஒப்பிடுவது கம்பிகளைத்தான். புதுக் கம்பி போட்ட எந்த பேஸும் மங்கிய கம்பி போட்டதை வென்றுவிடும். இரண்டிலும் ஒரே நிலைக் கம்பி இல்லாவிட்டால், மங்கிய பக்கத்துக்கு மனதில் சலுகை கொடுங்கள். மேல் மினுக்கத்தைக் கணக்கில் எடுக்காமல், நடுத் தடிப்பையும் சுரத்தின் தொடக்கத்தையும் மட்டும் ஒப்பிடுங்கள். கம்பி ஃப்ரெட்டில் அடித்துச் சடசடத்தால் அது செட்டப் குறை, கிற்றாரின் குணம் அல்ல. கடைக்காரரிடம் சொல்லிச் சரிசெய்து கேளுங்கள்.

அம்ப்பில் பேஸ், மிடில், ட்ரெபிள் எல்லாவற்றையும் நடுவில் விடுங்கள். கிற்றாரில் எல்லா நொப்களையும் முழுக்கத் திறவுங்கள். இரண்டினதும் சத்த அளவைச் சமப்படுத்துங்கள். இதைச் செய்யாமல் விட்டால் ஒப்பீடே வீண், ஏனென்றால் கொஞ்சம் உரத்துக் கேட்பது எப்போதுமே நல்லதாகத் தோன்றும். முதலில் தனியாக வாசியுங்கள், ஆசை தீர. அதன் பிறகு உங்கள் குழுவின் பதிவை ஓடவிட்டு அதற்கு மேல் வாசியுங்கள். ஒரு பைலா, நடையாகப் போகிற ஒரு சினிமாப் பாட்டு, தேவாலயத்தில் வாசிக்கும் மெதுவான பாட்டு ஒன்று. ஒவ்வொன்றிலும் கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: நீங்கள் வாசிக்கும் சுரம் உங்களுக்கே தெளிவாகக் கேட்கிறதா, அல்லது கேட்பதற்காகக் கையை அழுத்துகிறீர்களா? கை தானாக அழுத்தத் தொடங்கினால் அந்தச் சத்தம் கூட்டத்துக்குள் அமிழ்கிறது என்று பொருள். காதைவிடக் கை இதை முன்னால் சொல்லும்.

கூட வருகிற நண்பருக்கு ஓரளவு வாசிக்கத் தெரிந்தால் அவரிடம் இரண்டையும் கொடுத்து, நீங்கள் முதுகைக் காட்டி நின்று கேளுங்கள். எது எது என்று சொல்லாமல் மாற்றி மாற்றி வாசிக்கச் சொல்லுங்கள். நிறமும் வடிவமும் கண்ணில் இருந்து போனதும் காது நேர்மையாகிவிடும். ஜாஸின் சாய்ந்த உடலழகுக்காக அதை விரும்பியவர்களும் உண்டு. அதில் பிழையில்லை, ஆனால் அது வேறு, சத்தம் வேறு என்று தெரிந்து வாங்க வேண்டும்.

என் தீர்ப்பையும் கேட்டிருக்கிறீர்கள், மழுப்பாமல் சொல்கிறேன்: பிரசிஷன். நீங்கள் வாசிப்பதில் கூடிய பங்கு வெளி மேடை. நீங்கள் தேடும் பாடுகிற பேஸுக்கு நடுத் தடிப்பு வேண்டும். பைலாவுக்கு அது கச்சிதம், டிம்மர் லைட்டுக்குப் பக்கத்தில் நின்றாலும் அமைதியாக இருக்கும். 45 முதல் 105 வரையான தடிப்பில் (அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கு) நிக்கல் ரவுண்ட்வவுண்ட் கம்பி போட்டு, டோன் நொப்பைப் பாதிக்குக் கொஞ்சம் மேலே வைத்துத் தொடங்குங்கள். தேவாலயத்தில் டோனை இன்னும் குறைத்து, கையைக் கழுத்துப் பக்கம் கொண்டுபோனால் அந்த இடத்துக்கும் போதுமானது.

ஆனால் குழுவின் பதிவுக்கு மேல், முதுகைக் காட்டி நின்று கேட்டும், திரும்பத் திரும்ப ஜாஸையே தெரிந்தெடுத்தீர்கள் என்றால், என் பேச்சையும் அண்ணனின் பேச்சையும் விட்டுவிட்டு ஜாஸை எடுங்கள். நாள்தோறும் கையில் எடுக்க ஆசை வருகிற கிற்றார்தான் உங்களை வாசிக்க வைக்கும். அப்படி எடுத்தால், மேடையில் லைட் இரைச்சல் இல்லாத நாட்களில் பிரிட்ஜ் பிக்கப்பைக் கொஞ்சம் குறைத்து வாசியுங்கள். நடுப்பள்ளம் ஓரளவு நிரம்பும். இரைச்சல் உள்ள நாட்களில் இரண்டையும் முழுக்கத் திறந்துவிட்டு, மிக்ஸரில் நிற்பவரிடம் நடுப்பகுதியைச் சற்றே கூட்டச் சொல்லுங்கள்.

எதை வாங்கினாலும் கடல் காற்றை மறக்காதீர்கள். கல்முனையில் வீட்டுக்கும் கடலுக்கும் தூரம் அதிகம் இருக்காது. உப்பும் வியர்வையும் சேர்ந்தால் ரவுண்ட்வவுண்ட் கம்பியின் சுற்றுகளுக்குள் துரு சீக்கிரம் இறங்கிவிடும், ஆசையாக வாங்கிய டோனும் அதோடு போய்விடும். வாசித்து முடித்ததும் காய்ந்த பருத்தித் துணியால் ஒவ்வொரு கம்பியையும் மேலும் கீழும் துடைத்து, உறைக்குள் வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை தொடங்கியதும் கழுத்து வளைவு மாறும். கம்பி உயர்ந்ததாகவோ சடசடப்பதாகவோ தெரிந்தால் ட்ரஸ் ராடை (கழுத்துக்குள் இருந்து அதன் வளைவைச் சரிசெய்யும் உலோகத் தண்டு) கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருப்பாமல், ஓர் இரவு விட்டுப் பார்த்து மறுபடி திருப்புங்கள். கையில் பழக்கம் இல்லையென்றால் முதல் தடவை தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.